அம்மாவின் இரண்டு கையெழுத்துகள்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் ஒரு சின்னத் திரை உண்டு. பிளாசாச் சலவைக் கடையில் தோய்த்த துணி மூட்டையோடு ஒருநாள் ஏறியபோது, அமெரிக்காவில் ஒரு மாநிலத்து மக்கள் தங்கள் ஆளுநரைத் திருப்பியழைக்கக் கையெழுத்துத் திரட்டுகிறார்கள் என்று அதில் செய்தி ஓடியது. பதினான்காம் மாடிவரை அதையே பார்த்துக்கொண்டு போனேன். ஊரில் எங்கள் ஆளுநர் கொழும்பிலிருந்து நியமிக்கப்பட்டு வருவார். பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் வெயிலில் வரிசையாக நின்று கை அசைப்போம். அவரைத் திருப்பியனுப்பலாம் என்று எவரும் நினைத்ததுகூட இல்லை.

என் கையிலிருந்த மூட்டைக்குக் காரணம் குகன் அண்ணை. எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். நாங்களே வாக்களித்துத் தெரிவுசெய்தவர். கீழ்த்தளத்துச் சலவை அறையை மூட நிர்வாகம் கேட்டபோது, எங்களில் ஒருவரையும் கேட்காமல் சம்மதம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பனிக்குள் பஸ் ஏறித்தான் துணி தோய்க்கிறோம். சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்பை எடுத்து வாசித்தேன். பாதி வீடுகள் கையெழுத்திட்டால் தலைவரை நீக்க வாக்கெடுப்பு நடத்தவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். யாப்பு வாசிக்கத் தெரிந்ததில் எனக்குப் பெருமைதான். மூன்று கிழமை கதவு கதவாகத் தட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை. "நீ கேட்டா போடாமல் விடுவமே பிள்ளை" என்று தேத்தண்ணியும் தந்தார்கள். முதற் கையெழுத்து அம்மாவுடையது. ஊரில் அவர் பெருவிரல்தான் வைப்பார். இங்கே வந்தபின் சமையலறை மேசையில் நான் பழக்கிய எழுத்துகள் அவை. ‘ம’ மட்டும் எப்போதும் சரிந்து கிடக்கும்.

நான் பட்டியலைக் கொடுத்த சங்கக் கூட்டத்தில் குகன் அண்ணை இன்னொரு தாளை எடுத்தார். முந்திய கையெழுத்தை மீளப்பெறுவதாக மேலே ஒரு வரி; கீழே என் பட்டியலில் இருந்த பலரின் கையெழுத்து. எண்ணிக்கை பாதிக்குக் கீழே போய்விட்டது. "நானும் கதவு தட்டினனான், தங்கச்சி" என்றார் சிரித்தபடி.

பக்கத்திலிருந்த ஒன்பதாம் மாடி லிண்டா, மிரட்டினாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, அவரை இவர்களுக்குப் பிடிக்கும் என்றேன். அப்படியானால் உன்னுடையதில் ஏன் போட்டார்கள்? என்னையும் பிடிக்கும் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் அந்தத் தாளின் நான்காவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ‘ம’ சரிந்து கிடந்தது.

"வாசலுக்கு வந்து கேட்ட மனிசனுக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அம்மா, அன்றிரவு வீட்டில் நான் கேட்டபோது. "நாங்கள் வந்த கிழமை சோபா தூக்கித் தந்தவரெல்லே."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கோவிப்பாய். உன்ரை தாளிலையும் போட்டனான்தானே."

கையெழுத்து என்றால் சம்மதம் என்று நான் படித்திருந்தேன். அம்மாவுக்கு அது வாசலுக்கு வந்தவருக்குக் கொடுக்கும் தேத்தண்ணி. அந்த எழுத்துகளைப் பழக்கியவள் நான் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமை மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். குகன் அண்ணையின் கார் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அம்மா கை அசைத்தார். வெயிலில் ஆளுநருக்கு அசைத்துப் பழகிய என் கையும் பாதிவரை எழும்பியது. அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.