கோல் வாங்கிட்டோம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கரீம் பாட்சாவை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். எனக்கு ஒரே வேலைதான். அவரை ஃபுட்பால் பார்க்க விடக் கூடாது.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே சந்தில் தோல் பெல்ட் செய்கிற பட்டறை அவருடையது. பக்கத்தில் பக்கிள், ஜிப் விற்கிற கடை என்னுடையது. எனக்குக் கிரிக்கெட்டே போதும். மே மாதம் பம்பாயே கிரிக்கெட் கிரிக்கெட் என்று குதிக்கும்போது, இந்த மனுஷருக்கு மட்டும் திருச்செந்தூர்ப் பக்கத்தில் கடலோரமாக ஒரு மணல் மைதானம்தான் உலகம். அவருடைய ஊரில் தெருவுக்கு ஒரு டீம். அவர் நடுத்தெரு. இளவயதில் அந்த டீமுக்கு கோல்கீப்பர். இன்றைக்கும் ஞாயிறு காலையில் மாதுங்கா மைதானத்துக்குப் போய், முன்பின் தெரியாத பையன்கள் ஆடுவதை கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். பட்டறையில் உட்கார்ந்தாலும் வலது கால் மேஜையை உதைத்துக்கொண்டே இருக்கும்.

ஊர்ப் போட்டியை யூட்யூபில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்ததும் தலைகால் புரியாமல் ஆடினார். அதில்தான் வந்தது வினை. அவர் பார்க்க ஆரம்பித்த பிறகு நடுத்தெரு ஒரு ஃபைனல்கூட ஜெயிக்கவில்லை. டீமைப் பார்த்துக்கொள்கிற நயினார் இந்த வருஷம் போனில் சொல்லியே விட்டார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, கோவிச்சுக்கிடாதிய. இந்தத் தடவை நீங்க பாக்காண்டாம். பயலுவளே கேக்கானுவ."

எங்கேயோ கடலோரத்தில் ஆடுகிற பந்து தாராவியில் இருக்கிறவர் கண்பட்டா நழுவும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. காது மடல் வரை சிவந்துபோய், "சரி, பாக்கல" என்றார்.

அன்றைக்கு மேலத்தெருவோடு ஃபைனல். ஏற்பாடு இதுதான். பட்டறைக்கு மேலே அவர்கள் குடியிருக்கிற மாடியறையில் மகள் சபா மேட்ச் பார்ப்பாள். கோல் விழுந்தால் மட்டும் போன் செய்வாள். அதுவரை நாங்கள் நடக்க வேண்டும். சபா இங்கேயே பிறந்து காலேஜ் போகிறவள். வாயைத் திறந்தால் இந்தி. வாப்பாவுக்காகத்தான் மேட்ச் பார்க்கவே ஒத்துக்கொண்டாள்.

நடந்தோம். லேபர் கேம்ப் வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போனோம். கட்டிங் சாயா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கையிலேயே ஆறவைத்தார். டீக்கடையில் எவனோ போனில் கிரிக்கெட் பார்த்தான். அதைக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த வருஷமாவது ஜெயிக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா என்னையச் சொல்லுவானுவ."

"நீரு பாக்கவே இல்லயே வே."

"நெனைக்கேன்லா?"

அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"வாப்பா! கோல் வாங்கிட்டோம்!"

போனை அப்படியே அணைத்துவிட்டார். குரலில் துக்கம் இல்லையே என்று எனக்குத் தோன்றியதுதான். ஆனால் ஃபுட்பால் பாஷை எனக்கென்ன தெரியும்? அவர் முகம் தொங்கிவிட்டது. கோல் வாங்கினால் நம் போஸ்டுக்குள் பந்து போய்விட்டது என்று அர்த்தமாம்.

"தோத்தாச்சு. இனி நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?" என்று வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார். நான் தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. இரும்பு ஏணியில் ஏறி உள்ளே போனால் சபா கட்டில்மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். திரையில் நடுத்தெரு ஒன்று, மேலத்தெரு பூஜ்யம்.

"வாங்கிட்டோம்னு சொன்னியே?"

"ஹாங், வாங்கிட்டோம்! மார்க் வாங்கறோம், கப் வாங்கறோம், கோல் வாங்கக் கூடாதா?"

"அடியும் வாங்கத்தானம்மா செய்யுதோம்! நாம போட்டா, கோல் போட்டோம். அவன் போட்டாத்தான் வாங்குறது."

சொல்லி முடித்த பிறகுதான் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு உறைத்தது. பதறித் திரும்பினார். வெளியே போகவும் மனசில்லை, பார்க்கவும் துணிவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் முகத்தில் மேட்ச் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தால் இவர் கை கெட்டியாக மூடும். அவள் மூச்சு விட்டால் இவரும் விடுவார். அவர் மனைவி அக்தர் பானு அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார்.

சபா திடீரென்று அசையாமல் நின்றாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாப்பா," என்றாள். "வாங்கிட்டோம்."

இந்தத் தடவை அவர் அர்த்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் வாங்கினோம். ஊரில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்வதற்குள் விசில் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள்.

நயினாரின் போன் வந்தது. கரீம் பாட்சா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை நீளவில்லை. சபா வெடுக்கென்று எடுத்தாள்.

"சாச்சா, வாப்பாவ ஒண்ணும் சொல்லாதிய. வாப்பா பாக்கவே இல்ல, கசம் சே, சத்தியமா. நான்தான் பாத்தேன். எங்கண்ணுதான். அடுத்த வருஷம் நான் வெளிய நடக்கேன். வாப்பா பாக்கட்டும்."

வாப்பா திரையைப் பார்த்து நின்றதை லேசாக முழுங்கிவிட்டாள். நானும் காட்டிக்கொடுக்கவில்லை. கரீம் பாட்சா மகளையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது. தோற்றுப்போன மனுஷர் போலவே இல்லை.

"அண்ணாச்சி," என்றார். "அடுத்த வருஷமும் நீங்கதான் இவகூட நடக்கணும். இவ என்னைய மாதிரி இல்ல, பாதியிலயே மேட்ச் பாக்க ஓடிருவா."