நசுங்காத எலுமிச்சம்பழம்

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் தக்காளி வியாபாரம் செய்துவந்தேன். ஒருவர் பாதியில் கைவிட்ட பழங்காலத்துப் பிக்கப் வண்டியை, ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாத நான் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். "பெயின்ட் அடிச்சு சக்கரமெல்லாம் மாட்டியாச்சுங்க. இன்ஜின் வேலைதான் பாக்கி" என்றார் அவர். நானும் மாதக்கணக்கில் இன்ஜினோடு மட்டுமே மல்லுக்கட்டினேன்.

ஒருவழியாக இன்ஜின் ஓடியது; வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. குடும்பத்தோடு பாலக்கோடு வரை போய்வரலாம் என்று பூஜை போட்டோம். இன்ஜின் நடுவழியில் நின்றுவிடுமோ என்று காலையிலிருந்தே அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை மெல்ல நகர்த்தினேன். மூன்று பழங்கள் நசுங்கின. முன்சக்கரத்துப் பழம் ஒன்று மட்டும் உருண்டு ஓடிவிட்டது.

"ஏங்க, இது நசுங்கலைங்க. மறுபடி வெச்சுட்டுப் போலாங்க" என்றாள் கீழே நின்ற என் மனைவி.

"நேரமாவுது, ஏறு!" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் அசையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். பழத்தை வைக்கக் குனிந்தபோது சக்கரத்து நட்டு ஒன்றில் கை பட்டது. அது சுழன்றது. மற்றவற்றையும் தொட்டுப் பார்த்தேன்; எல்லாமே விரலோடு கழன்று வந்தன. புதுப் பெயின்ட் கெடக்கூடாது என்று வண்டியை விற்ற அந்த மனிதர் கையால் மட்டும் திருகி வைத்திருக்கிறார்!

"போலாம்ப்பா!" என்று குழந்தைகள் கத்தினார்கள். நான் அவர்களை ஒவ்வொருவராகக் கீழே இறக்கினேன்.

அன்று பஸ்ஸில்தான் போனோம். எந்த வளைவில் அந்தச் சக்கரம் கழன்றிருக்கும் என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போனேன்.

இப்போதும் வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு சக்கரத்தின் முன்பும் குனிகிறேன், பழத்துக்குப் பதில் ஸ்பேனரோடு.