சியேனியின் நாற்பது கரண்டிச் சர்க்கரை

சியேனியைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எதையும் நம்பாதீர்கள். அவள் என் சித்தப்பா மகள், பள்ளிக்கூட வாசலுக்கு எதிர்வீடு என் வீடு, அவளுடைய எண்ணெய்ச் சட்டி கொதிப்பதும் என் வீட்டுப் பின்புறத்தில்தான். விடியற்காலையில் அந்தப் புகையில் இருமுகிறவள் நான். என்னைவிட யாருக்கு என்ன தெரியும்?

வாழைப்பழத்தை மாவில் பிசைந்து, சர்க்கரை கொட்டி, உருட்டி எண்ணெயில் போட்டு எடுப்போமே, பனிகேகே, அந்தப் பணியாரம்தான் அவள் பிழைப்பு. ஆள் நல்ல பருமன். சிரித்தால் கடற்கரையில் வலை உதறுகிறவன் திரும்பிப் பார்ப்பான். புருஷன் வில்லியாமு போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூடமே "அத்தே, எனக்கு! அத்தே, எனக்கு!" என்று ஓடிவந்து அவளை மொய்க்குமே, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தாள். இதை அவள் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அங்கேதான் வந்து விழுந்தது இடி. இடியின் பெயர் எபனேசா டீச்சர். தலைநகர் ஆப்பியாவில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுக்கெல்லாம் நிறம் போட்ட படம். பச்சை என்றால் தினமும் சாப்பிடு, மஞ்சள் என்றால் பார்த்துச் சாப்பிடு, சிவப்பு என்றால் எப்போதாவது சாப்பிடு. நல்ல விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் செய்த அட்டகாசம் இருக்கிறதே!

என் மகன் வயிற்றுப் பேரன் என் தட்டிலிருந்த உப்பு மாட்டிறைச்சியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "பாட்டி, இது செவப்பு" என்று நாய்க்குப் போட்டான். நாய் மட்டும் சாகலாமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பையன், நியூசிலாந்திலிருந்து மாமன் அனுப்பிய இறைச்சி டப்பாக்களை அப்பாவின் நன்மைக்காக வாழைத்தோப்பில் புதைத்துவிட்டு, எங்கே புதைத்தோம் என்பதையும் மறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ஒரு வாண்டு, ஜெபத்துக்கு முன்னால் உடற்பயிற்சி என்று போதகரைக் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னது. அவர் குனிந்தார். நிமிர்த்துவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எல்லாரிலும் மோசம் லூப்பே. ஒன்பது வயது, எங்கள் ஊர்த் தலைவர் லேயாலாவின் பேத்தி, அவர் சாப்பிடும்போது ஈயோட்டும் விசிறி அவள் கையில். தலைவருக்குச் சர்க்கரை நோய். ஒரு கால்விரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் முன்னால் வைத்ததை வேண்டாம் என்று தள்ளமாட்டார். தள்ளினால் கொண்டுவந்தவர்களுக்கு அவமானம், தலைவர் அப்படிச் செய்வாரா? லூப்பே விசிறிக்கொண்டே எண்ணுவாள்.

"தாத்தா, இது மூணாவது செவப்பு."

"ஈய ஓட்டுடி. என்னை ஓட்டாதே."

"கால் போயிரும் தாத்தா."

"போனா உன் தோள்ல ஏறிக்கிறேன். விசிறு."

அவள் விசிறுவாள், கண்ணில் நீர் முட்டும். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சியேனிக்கு வருகிறேன். ஒருநாள் டீச்சர் படத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"சியேனி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பணியாரம் செவப்புல வருது."

"செவப்பா? கண்ணத் தொறந்து பாரு டீச்சர். பொன்னாட்டம் இருக்கு."

"அந்தச் செவப்பு இல்லக்கா. சர்க்கரை, எண்ணெய்..."

"ஏன், நீ சின்னப்புள்ளையா இருக்கச்ச எங்கிட்டத் தின்னியே, அப்ப என்ன நெறம்?"

டீச்சர் படத்தைச் சுருட்டினாள். ஆனாலும் விடவில்லை. பெற்றோர் நாள் அன்று பள்ளிக்கூடக் கமிட்டி கூடும், தலைவர்தான் கமிட்டிக்கும் தலைவர், சியேனி வாசலில் உட்காரலாமா கூடாதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சியேனி அன்று சிரிக்கவேயில்லை. பின்புறத்தில் மாவைப் பிசைந்துகொண்டே என்னிடம் கேட்டாள்: "அந்தப் புள்ளைங்க வரலைன்னா நான் எதுக்குடி காலைல எந்திரிக்கணும்?" எனக்கு வாயில் வந்ததெல்லாம் டீச்சரைப் பற்றிய வசவுதான்.

இப்போது டீச்சர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். எங்கள் ஊரில் சபைக்குச் சாப்பாடு கொண்டுவந்தால், சும்மா வாங்கி மூலையில் வைக்கமாட்டோம். முற்றத்தில் ஒருவன் நின்று தொண்டை கிழியக் கூவ வேண்டும்: இன்னார் வீட்டிலிருந்து இத்தனை பன்றி, இத்தனை கூடை கிழங்கு, இத்தனை பெட்டி மீன்டப்பா. உட்கார்ந்திருப்பவர்கள் "மாலோ! மாலோ!" என்று வாழ்த்துவார்கள். பெற்றோர் நாளுக்கு வீட்டுக்கு ஒரு பலகாரம் வரும், அதை இந்த முறை பிள்ளைகளே கூவட்டும், கூடவே அதில் எத்தனை கரண்டிச் சர்க்கரை, எவ்வளவு எண்ணெய் என்றும் கூவட்டும் என்றாள் டீச்சர். ஊர் முன்னால் கணக்கு வெளியே வந்தால் எல்லாரும் வெட்கப்பட்டுத் திருந்திவிடுவார்களாம். இவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். எப்படி மறந்தாள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கூவுவதற்குக் குரல் வேண்டுமே, அது லூப்பேயிடம்தான் இருந்தது. பொட்டைப்பிள்ளை கூவுவதா என்று இரண்டு கிழங்கள் முனகின. அவள் ஒருமுறை கூவிக் காட்டினாள். முனகல் நின்றது.

அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் தூணுக்குத் தூண் பெரியவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுத்தூணில் தலைவர், குறைபட்ட காலைப் பாயால் மூடிக்கொண்டு. லூப்பே முற்றத்தில் நின்று கூவினாள்:

"போதகர் வீட்டம்மா கொண்டுவந்த கேக்கு! வெண்ணெய் ரெண்டு கட்டி! சர்க்கரை... பன்னிரண்டு கரண்டி!"

கப்சிப் என்று ஆனது மண்டபம். டீச்சர் புன்னகைத்தாள். அப்புறம் பின்தூணில் ஒரு கிழவர், பன்னிரண்டு என்ற எண்ணைக் கேட்டதும் பழக்கதோஷத்தில், "மாலோ!" என்றார். அவ்வளவுதான், மண்டபம் முழுக்க "மாலோ! மாலோ!" போதகர் மனைவி எழுந்து நின்று தலை வணங்கினாள்.

அடுத்தது தோயூப்பு வீட்டு அவித்த கிழங்கும் கீரையும். "சர்க்கரை ஒண்ணுமில்லை! எண்ணெய் ஒண்ணுமில்லை!" என்று லூப்பே ஆசையாசையாகக் கூவினாள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. தோயூப்புவின் புருஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெண்டாட்டியிடம் பல்லைக் கடித்தான்.

"ஒரு கரண்டியாச்சும் போட்டிருக்கக் கூடாதா? ஊர் முன்னால மானம் போச்சே!"

"டீச்சர்தான் போடாதேன்னாங்க."

"டீச்சரா வந்து நம்ம மானத்தக் காப்பாத்துவாங்க?"

அதற்குள் ஒருவன் கடைக்கு ஓடி ஒரு பை சர்க்கரை வாங்கிவந்து, "எங்க வீட்டுப் பேர்ல இதையும் சேத்துக் கூவு பாப்பா" என்று நின்றான். டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இது வாழ்த்துறதுக்கு இல்ல! கேளுங்க, இது கெட்டது!" என்று கத்தினாள். அவளுக்கும் ஒரு "மாலோ" கிடைத்தது.

கடைசியில் வந்தது சியேனியின் அண்டா. இரண்டு பிள்ளைகள் தூக்க முடியாமல் தூக்கிவந்தார்கள்.

"சியேனி அத்தையோட பணியாரம்! எண்ணெய் ஒரு டின்! சர்க்கரை... நாற்பது! நாற்பது கரண்டி!"

கூரை பறந்துவிடும் என்று நினைத்தேன். தலைவரே தொடையைத் தட்டினார். சியேனி முற்றத்தில் இறங்கி ஆடினாள். அந்த உடம்போடு என்ன ஆட்டம்! நானும் இறங்கி ஆடினேன், எனக்கென்ன வெட்கம்? இனி அவளை வாசலிலிருந்து எழுப்ப எவனுக்குத் துணிச்சல் வரும்?

பிறகு பங்கு பிரிக்க வேண்டும். அதையும் கூவித்தான் பிரிப்போம். எது உயர்ந்ததோ அது ஊரில் உயர்ந்தவருக்கு. அன்றைக்கு எது உயர்ந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்டாவைக் கொண்டுபோய் நடுத்தூணுக்கு எதிரே வைத்தார்கள். லூப்பே வாயைத் திறந்தாள்.

"இந்த அண்டா..."

நின்றுவிட்டாள்.

"சொல்லு புள்ளை" என்றார் ஒரு பெரியவர்.

"இந்த அண்டா..." மோவாய் நடுங்கியது. தாத்தா பெயரைச் சொன்னால் தாத்தா தின்பார், ஊர் பார்க்க, ஒன்றைக்கூட மறுக்காமல். வேறு பெயரைச் சொன்னால் அவர் தலை குனிய வேண்டும், அதுவும் தன் பேத்தியின் வாயால். அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை உடுப்பின் ஓரத்தைப் பிசைந்துகொண்டு நின்றது. தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். அவருக்குக் கோபம் வரத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆடிய மூச்சு இன்னும் அடங்காத சியேனி விடுவிடு என்று மண்டபத்துக்குள் நடந்துபோய் அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னுது. நான் திருப்பி எடுத்துக்குறேன்."

சபைக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தவர்கள் எங்கள் தீவிலேயே கிடையாது. களவு செய்தாலும் மன்னிப்போம், இதை மாட்டோம். நான் ஓடிப்போய் அவள் இடுப்பில் சுற்றியிருந்த லாவலாவாத் துணியைப் பிடித்து இழுத்தேன்.

"பைத்தியமாடி உனக்கு? கீழ வை! இன்னிக்குத்தானே ஜெயிச்சே?"

"விடுடி" என்றாள். பிறகு தலைவரைப் பார்த்து, சத்தமில்லாமல் பேசினாள். சியேனி சத்தமில்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை. "என் வீட்டுக்காரருக்கும் இதே சர்க்கரை நோய்தான், ஐயா, ஒவ்வொரு தட்டும் நான்தான் நீட்டினேன். அவருக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது. எனக்கு அதைத் திருப்பி எடுக்கத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

அண்டாவோடு வெளியே போய்விட்டாள். ஒருவரும் வழி மறிக்கவில்லை. முற்றத்தில் லூப்பே மூக்கை உறிஞ்சிவிட்டு, கிடைத்த தைரியத்தில், தோயூப்பு வீட்டுக் கிழங்கையும் கீரையையும் தாத்தாவின் பெயரில் கூவினாள். தலைவர் கல் போல உட்கார்ந்து அதைத் தின்றார். தோயூப்புவின் புருஷனுக்கு வந்த கர்வம் இன்றுவரை இறங்கவில்லை, "தலைவர் தின்னது எங்க வீட்டுக் கீரை" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஊர் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியது. அவள் அண்ணன், எங்கள் வழக்கப்படி பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுத் தலைவர் வீட்டு முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்தான். தலைவர் நெடுநேரம் அவனைக் காயவிட்டு, அப்புறம் வந்து பாயை எடுத்துவிட்டார், மன்னித்தாயிற்று என்று அர்த்தம். கமிட்டி வாசலைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை. அந்தப் பேச்சை எடுக்க எல்லாருக்கும் பயம்.

திங்கட்கிழமை சியேனி வருவாளா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். பணியாரக் கூடை இல்லை. எலுமிச்சை பிழிந்த பப்பாளித் துண்டுகள், அவித்த வாழைக்காய். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

"அத்தே, பணியாரம் எங்கத்தே?"

"வெள்ளிக்கெழமை. இன்னிக்கு இதத் தின்னு. இல்லன்னா மண்ணத் தின்னு, போ."

"இது பச்சை, அத்தே!"

"பச்சைன்னா தெனமும் திங்கணும்னுதானேடா உங்க டீச்சர் சொல்லிக் குடுத்தா? ஊரான் தட்டுல மட்டும்தான் நெறம் பாப்பீங்களா, திருட்டுப் பயலுகளா?"

முனகிக்கொண்டே வாங்கினார்கள். திடீரென்று சத்தம் அடங்கியது. பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். தடியை ஊன்றிக்கொண்டு தலைவர் வந்துகொண்டிருந்தார், பின்னால் லூப்பே. நான் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன ஆனாலும் அவள் பக்கத்தில் நிற்க வேண்டுமே.

"எனக்கு வெச்சதத் திருப்பிப் பிடுங்கினவ இந்தத் தீவுலயே நீ ஒருத்திதான்" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுங்க. அந்தச் சிரிப்பு உங்க காதுல விழுது. என் வீட்டுக்காரர் காதுல எதுவும் விழறதில்ல."

அவர் தடியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். சியேனி ஒரு பப்பாளித் துண்டை நீட்டினாள். அவர் கடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"புளிக்குது."

"புளிக்கும்ங்க."

"நாளைக்கும் இப்படித்தான் புளிக்குமா?"

"நாளைக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் சியேனி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, முகத்தை என் தோளில் ஒரு தேய்ப்புத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, "என்னடி வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறே? ஐயாவுக்கு இன்னொரு துண்டு எடு" என்று என்னைத் திட்டினாள்.