ஹைல்பிரோன்காரனுக்கு ஒரு இருக்கை

ரோஸ்விதா ஷ்வெக்லர் எத்தனையோ தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டவள். பூச்சு வேலை மேஸ்திரியைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு வழியும் கிடையாது. வீடெங்கும் சுண்ணாம்புத் தூள், சட்டியை அடுப்பில் ஏற்றும் நேரம் பார்த்து அடிக்கிற தொலைபேசி, சேற்றுச் செருப்போடு சமையலறைக்குள் வந்து நிற்கிற கூலியாட்கள், எல்லாவற்றையும் பொறுத்தாள். ஆனால் முகம் தெரியாத ஒருவனுக்காகத் தன் புருஷன் கார் வாங்குகிற கூத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த முகம் தெரியாதவனுக்கு அவள் வைத்த பெயர் ஹைல்பிரோன்காரன். பெயர் சும்மா வரவில்லை. போன தடவை அவர்கள் கார் மாற்றியபோது பழையதை வாங்க ஹைல்பிரோனிலிருந்து ஒரு ஆள் வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். "இழுவைக் கொக்கி இல்லையா? ஸ்டீயரிங்குக்குச் சூடு இல்லையா?" என்று கேட்டுவிட்டு நாக்கை மடித்து 'ச்சு' என்றான். அந்த ஒரு 'ச்சு'வில் விலை சரிந்தது. விலை இறங்கியதுகூடப் பரவாயில்லை, அந்த 'ச்சு' ரைன்ஹோல்டின் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்போது பட்டறையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, வாலிபத்திலிருந்து ஆசைப்பட்ட வண்டியை வாங்க உட்கார்ந்திருக்கிறார் மனிதர். பார்த்தால் ரொட்டி வாங்கப் போகிற குடும்ப வண்டி, மிதித்தால் புலி. அப்படி ஒரு வண்டி. வாங்கட்டும், சந்தோஷம். ஆனால் அதில் ஒவ்வொரு வசதியையும் யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறார்?

"சாம்பல் நிறம்தான்," என்றார் ரைன்ஹோல்ட், சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு. பயறும் ஸ்பேட்ஸ்லே என்கிற மாவு நூலும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"உனக்குப் பச்சைதானே பிடிக்கும்? போன வாரம்கூடச் சொன்னியே."

"பிடிக்கும். ஆனா பச்சைய யாரு வாங்குவா? விக்கறப்ப சாம்பல்தான் போகும்."

"இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள விக்கறியா?"

"யோசிக்கணும்ல, ரோஸ்லே."

ரோஸ்லே என்று அவர் குழைந்தால் ஏதோ தனக்கு இல்லாமல் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்பது வருஷப் பழக்கம்.

அன்று சாயங்காலம் முழுக்க இதே கதை. கண்ணாடிக் கூரை வேண்டும், ஹைல்பிரோன்காரன் கேட்பான். ஸ்டீயரிங்குக்குச் சூடு வேண்டும், போன தடவையே கேட்டான். இழுவைக் கொக்கி கட்டாயம் வேண்டும். புலி மாதிரிப் பாய்கிற வண்டிக்கு இழுவைக் கொக்கி எதற்கு என்று கேட்டால், தோட்டத்துக் கிளைகளை வெட்டினால் கொண்டுபோய்ப் போட வேண்டாமா என்கிறார். சரி, இதிலாவது கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய வண்டியானாலும் சனிக்கிழமை அதன் பின்னால் ஒரு இழுவண்டி நிறைய இலை தழை போகத்தான் செய்யும்.

அந்தக் கணினியும் லேசுப்பட்டதில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று காணாமல் போகும். சிவப்புப் பிரேக்கைத் தொட்டார், பெரிய சக்கரம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய சக்கரத்தை எடுத்தார், சிவப்புப் பிரேக்கோடு நல்ல ஒலிபெருக்கியும் போய்விட்டது. "ஒலிபெருக்கிக்கும் சக்கரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று மேசையில் அடித்தார். குழம்பு சிந்தியது. துடைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் இருக்கைக்கு வந்தார்கள். ரோஸ்விதா அதற்காகத்தான் காத்திருந்தாள். கல்யாணமான புதிதில் ஆள் வைத்துக்கொள்ள வழியில்லாமல் அவளும் சுண்ணாம்பு மூட்டை தூக்கியவள், சாரத்தில் ஏறியவள். அதில் போன இடுப்பு இன்னும் சரியாகவில்லை. தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. பழைய வண்டியில் அதற்கு ரைன்ஹோல்ட் ஒரு வைத்தியம் செய்திருந்தார். சுவருக்கு ஒட்டுகிற தெர்மோகோல் பலகையில் மீந்த துண்டைச் சரிவாக அறுத்து, திரைச்சீலைத் துணி போர்த்தி, அவள் உட்காரும் இடத்தில் வைத்துக் கொடுத்தார். அன்போடுதான் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷக்கணக்காக அவள் அந்தத் துண்டின் மேலேயே ஊரைச் சுற்றுகிறாள்; ஒவ்வொரு திருப்பத்திலும் அது 'கிறீச்' என்கிறது.

புது வண்டியில் பக்கத்து இருக்கை மேலே எழும்பும் வசதி உண்டு என்று அவள் படித்துத் தெரிந்துவைத்திருந்தாள். பொத்தானை அழுத்தினால் இருக்கை உயரும், இறங்குகிறவளை ஏந்திவிடும். இந்த வண்டியில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியிலுள்ள கார்டா ஏரிக்குப் போவதாகப் பேச்சு. பட்டறை நாட்களில் ஒவ்வொரு கோடைக்கும் சொல்லி ஒவ்வொரு கோடையிலும் விட்டுப்போன பயணம் அது. அந்த இருக்கை இருந்தால் அவள் போவாள். இல்லாவிட்டால் போக முடியாது. அவளுக்கு அந்தக் காரில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

"அந்த எழும்பற இருக்கை வராது," என்றார் ரைன்ஹோல்ட்.

"ஏன் வராது?"

"பந்தய இருக்கை போட்டிருக்கேன். கூடு மாதிரி அணைச்சுப் பிடிக்கும். அதுல ஏத்தற வசதி கிடையாது. இது வேணும்னா அது இல்ல."

"அப்ப பந்தய இருக்கைய எடுத்துடு."

"இந்த வண்டிய வாங்க வர்றவன் முதல்ல பாக்கறதே அதத்தான்!"

"ரைன்ஹோல்ட், உன் பக்கத்துல உட்காரப் போறது நானா, அவனா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் பாருங்கள், அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். பிறகு முகம் மலர்ந்து சொன்னார்: "நீ ரயில்ல வந்துடேன். ரயில்ல காலை நீட்டிக்கலாம். நான் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கறேன்."

ரோஸ்விதா ஆறிப்போன தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் தொட்டியில் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

வண்டியை முன்பே பதிவு செய்தாயிற்று; வசதிகளை மாற்ற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அவகாசம். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் வேலை தொடங்கிவிடும், ஒரு திருகாணியைக்கூட மாற்ற மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட ரைன்ஹோல்ட் கிளம்பியபோது, கூப்பிடாமலேயே ரோஸ்விதாவும் மேலங்கியை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

கார்க்கடைக்கு நேராகப் போனாரா என்றால் அதுவும் இல்லை. பின்தெருவில் இருக்கிற மரச்சாமான் கடையின் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டார்.

"ஏன் இங்க?"

"கடை வாசல்ல நிறுத்தினா யாராவது பாப்பாங்க."

"பாத்தா என்ன? திருடவா போறோம்?"

"கொஞ்சம் நட, ரோஸ்லே. பக்கம்தான்."

பக்கமாம். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவள் தெருவைச் சுற்றி நடந்தாள். பணம் இருப்பதை வெளியில் காட்டக்கூடாது என்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சுதான். ரைன்ஹோல்ட் அதில் ஒரு படி மேல். அவர் பட்டியலில் முதலில் குறித்த வசதியே, வண்டியின் பின்பக்கம் அதன் ரகத்தைச் சொல்லும் எழுத்து வேண்டாம் என்பதுதான். எழுத்து இல்லாவிட்டால் உள்ளே புலி இருக்கிறதா பூனை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மேலும் அந்த ஒரு வசதிக்குத்தான் காசு கிடையாது. அதை எழுதும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்க்க வேண்டுமே.

கடையில் விற்பனையாளர் ஹெர் ஆல்டிங்கர் காபி கொடுத்தார். காகிதங்களை விரித்தார். நடுக்கூடத்தில் அதே ரக வண்டி ஒன்று நின்றது, ரைன்ஹோல்ட் கேட்ட அதே பந்தய இருக்கைகளோடு. ரோஸ்விதா காபியைத் தொடவில்லை. நேராகப் போனாள், கதவைத் திறந்தாள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. அந்தக் கூடு இரண்டு பக்கமும் அவளைக் கவ்விக்கொண்டது. முழங்கால் முகவாயை முட்டாத குறை.

"எப்படி இருக்கு?" என்று ஆசையோடு வந்து குனிந்தார் ரைன்ஹோல்ட்.

"கையக் கொடு."

கொடுத்தார். இழுத்தார். அவள் அசையவில்லை. ஹெர் ஆல்டிங்கர் ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்ததில் அவள் செருப்பு ஒன்று கழன்றதுதான் மிச்சம்.

"கொஞ்சம் நீங்களும் உன்னுங்க, ஃப்ராவ் ஷ்வெக்லர்."

"உன்னி எழ முடிஞ்சா நான் ஏன் இங்க இருக்கேன்?"

"அடியில ஒரு துண்டு வச்சிட்டா சரியாப்போயிடும்," என்றார் ரைன்ஹோல்ட் விற்பனையாளரிடம். "தெர்மோகோல். வீட்ல இருக்கு."

ஹெர் ஆல்டிங்கர் தயங்கினார். "இந்த இருக்கையில துண்டு நிக்காது, வழுக்கிடும். அப்பறம், அவங்க எடை சரியாப் பதியலன்னா, விபத்து நேரத்துல காத்துப் பை..."

சரியாக அந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டு ஃப்ராவ் ட்ராட்வைன் உள்ளே வந்தாள். குளிர்காலச் சக்கரம் மாற்ற மகளின் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறாள். ஊரில் யார் பார்க்கக்கூடாதோ அவளேதான். ரைன்ஹோல்ட் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தார். கையை மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, ரோஸ்விதா! உள்ள உட்காந்து பாக்கறியா? இதுதானா அது?"

"எது?" என்றார் ரைன்ஹோல்ட்.

"அதான், பின்னாடி எழுத்து இல்லாத வண்டி. பாட்டுக் குழுவுல எல்லாரும் பேசிக்கறாங்களே."

"எழுத்து இல்லன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா என்ன? பல் டாக்டர் வண்டில எழுத்து இருக்கா? திராட்சத் தோட்டத்து ஹைன்லே வண்டில இருக்கா? சின்ன என்ஜின் வாங்கறவன் எழுத்தோட வாங்கிட்டுப் போறான். எழுத்த எடுக்கறவன் பெரிய புலியத்தான் வாங்கறான். நம்ம ஊர்ல இது தெரியாதவங்க யாரு, ஹெர் ஷ்வெக்லர்?" அப்புறம் ரோஸ்விதாவைப் பார்த்தாள். "நீ ஏன்டி இறங்காம இருக்க?"

"இறங்க முடியல."

சொல்லிவிட்டு ரோஸ்விதா கழன்ற செருப்பைப் பார்த்தாள். புருஷன் கையை விட்டாள். மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சாலும் இறங்கறதா இல்ல."

"ரோஸ்லே, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். ஹெர் ஆல்டிங்கர், அந்த எழும்பற இருக்கைய எழுதுங்க. எழுதினதக் காட்டுங்க. அப்பறம் இறங்கறேன்."

"அத எழுதினா பந்தய இருக்கை ரெண்டும் போயிடும்மா. சிவப்புப் பிரேக்கும்..."

"சிவப்புப் பிரேக்குமா!" என்று ரைன்ஹோல்டின் குரல் உடைந்தது. "ரோஸ்லே, நாளைக்கு விக்கறப்ப ஒருத்தன் வந்து ச்சுன்னு சொன்னா?"

ரோஸ்விதா அந்தக் கூட்டுக்குள்ளிருந்தே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஷோர்ன்டார்ஃப்ல மூணாவது மாடி வேலை. மழை. உன்கிட்ட ஆள் இல்ல. அன்னைக்குச் சுண்ணாம்பு மூட்டைய மேல ஏத்தினது யாரு? ஹைல்பிரோன்காரனா?"

ஹெர் ஆல்டிங்கர் தன் காகிதங்களைப் பார்த்தார். ஃப்ராவ் ட்ராட்வைன்கூட வாயை மூடிக்கொண்டாள். அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. ரைன்ஹோல்ட் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். மண்டியிட்டு, மனைவியின் காலில் மாட்டினார். மாட்டிவிட்டு அங்கேயே, எழுந்திருக்காமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"எழுதுங்க."

எழுதினார். காட்டினார். ரோஸ்விதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். இருக்கை எழும்பும், பின்னால் நகரும், முதுகுக்கும் சூடு உண்டு. பிறகு மூன்று பேர் சேர்ந்து, ஃப்ராவ் ட்ராட்வைன் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, அவளை வெளியே எடுத்தார்கள்.

"அந்தப் பின்பக்க எழுத்து?" என்று கேட்டார் ஹெர் ஆல்டிங்கர். "இனிமே போட்டுடலாமா?"

"வேண்டாம், வேண்டாம்," என்றார் ரைன்ஹோல்ட் அவசரமாக. ஊருக்கே தெரிந்த பிறகும்! "அப்பறம் அந்தக் கால் விரிப்பையும் அடிச்சுடுங்க. பழைய வண்டில இருக்கறது நல்லாத்தான் இருக்கு. அளவுக்கு நானே வெட்டிக்கறேன்."

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். அத்தனை பெரிய வண்டி, அதில் பழைய விரிப்பா? பிறகு வேறொன்று கேட்டாள்.

"ஹைல்பிரோன்காரன் என்ன சொல்லுவான்?"

"அவன் கிடக்கான்," என்றார் ரைன்ஹோல்ட், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அவர் தன் பழக்கப்படி பின்தெருப் பக்கம் நடக்கத் திரும்பினார். ரோஸ்விதா வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் நடக்க மாட்டேன். வண்டிய இங்க கொண்டு வா. வாசலுக்கே."

அவர் போய்க் கொண்டுவந்தார், கடைக்காரர்களும் ஃப்ராவ் ட்ராட்வைனும் பார்த்துக்கொண்டிருக்க. அவள் ஏறி, துணி போர்த்திய அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்தாள். முதல் திருப்பத்தில் அது 'கிறீச்' என்றது.

"இதத் தூக்கிப் போட்டுடாத," என்றார் அவர்.

"ஏன்?"

"கார்டா ஏரிக் கரைல கல்லு மேல உட்காரணும்னா உனக்கு வேணும்."