வேலை நேரம் தெரியாத மாப்பிள்ளை

எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் கூடினால் சுவரோரம் ஒதுங்கி நிற்பேன். ஏழாம் வகுப்பு முடித்து மிஷன் ஆஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்த எனக்கு அந்தக் குணமே உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கியபோது, "இருட்டறையில் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?" என்று டாக்டர் கேட்டார். கம்பவுண்டர்கள் எல்லாரும் என்னைத்தான் காட்டினார்கள்.

வேலை பிடித்துப்போயிற்று. நேரம்தான் பிடிபடவில்லை. மெஷினுக்குக் கரண்ட், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த எண்ணெய் எஞ்சினிலிருந்து வரும். எஞ்சின் ஓடும் நேரம்தான் என் நேரம். ஆபரேஷன் உள்ள நாளில் காலை முழுக்க ஓடும், இல்லாத நாளில் மத்தியானத்துக்கு மேல் ஓடும். பங்குனி, சித்திரையில் இன்னொரு தொல்லை. படம் கழுவுகிற தண்ணீர் சூடேறினால் பிலிமின் மேல்பூச்சு இளகிவிடும். ஒரு தடவை ஒரு கொத்தனாருடைய முழங்கால் என் கண் முன்னாலேயே தொட்டியில் வழிந்து கரைந்தது. அதன்பிறகு கோடையில், கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருக்கும் விடியற்காலைக்கு வேலையை மாற்றினார் டாக்டர். மழை தொடங்கினால் படம் காயாது, மறுபடியும் நேரம் மாறும்.

முதல் வருஷம் திண்டாடினேன். பிறகு அதில் ஒரு சுகம் தெரிய ஆரம்பித்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆளே இல்லாத கால்வாயில் தனியாகக் குளிப்பேன். ஊரெல்லாம் வயலுக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் காலை பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரிப்பேன். தெருவில் போகிறவர்கள் அம்மாவிடம், "பிள்ளைக்கு சுகமில்லியா?" என்று விசாரிப்பார்கள். அம்மா முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு, "ஆமா, சுகமில்ல" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

இடைஞ்சல் வந்தது கல்யாணப் பேச்சில்தான். அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவள் அக்கா. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற ஒருவரின் மகளை அவள் எனக்குப் பேசினாள். நான் பெண் பார்க்கப் போகவேண்டிய முதல் நாள், ஆபரேஷன் இல்லை என்று எஞ்சின் ஓடும் நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார்கள். இரண்டாவது தடவை காலையில் நின்றுபோன எஞ்சின் சரியாக நான் புறப்படுகிற நேரத்தில் ஓட ஆரம்பித்தது. வரிசையில் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

அக்கா விரலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "ஏலே, கேட்டுக்கோ. சனிக்கிழமை நாலு மணி. இந்த மட்டமும் போவலேன்னா அவ்வளவுதான். பேச்சிப்பாறை அணை ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு நிக்கான். பத்து மணிக்குப் போவான், அஞ்சு மணிக்கு வருவான். பெண்ணுக்க அப்பா அவனுக்கு வாக்கு குடுத்திருவாரு. நீ உனக்க எஞ்சினையே கெட்டிக்கிட்டு கெட!"

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் கதை சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேச்சு வராதவனுக்கு அப்படி ஒருத்தி வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து, எனக்குள் ஆசை வேர்விட்டிருந்தது. அதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை டாக்டரிடம் அனுமதி வாங்கினேன். மருந்துத் தண்ணீரில் பழுப்பேறின விரல்களை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். சலவை வேட்டி கட்டினேன். ஒன்றரை மணிக்குக் கிளம்பும்போது டாக்டரின் குரல் கேட்டது: "ஒரு அம்மா குண்டூசியை விழுங்கிவிட்டார்களாம். எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டேன். நீ போய் இருட்டில் உட்கார்."

இந்த வேலையில் இது ஒரு கட்டாயம். விழுங்கினதைத் தேட, ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி நேராகப் பார்ப்போம். அந்தத் திரையின் வெளிச்சம் மிகவும் மங்கல். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருபது நிமிஷமாவது கும்மிருட்டில் இருந்து கண்ணைப் பழக்கவேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். டாக்டரிடம் அதற்கென்று சிவப்புக் கண்ணாடி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு வெளியே நடமாடலாம். ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான்.

உள்ளே போய் உட்கார்ந்து, கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். வாசலில் தொங்கும் கறுப்புத் திரைச்சீலை விலகும் சத்தம் கேட்டதும் வெளிச்சம் படாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் இரண்டு பெண்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உள்ள யாரும் உண்டா?" என்று நடுத்தர வயதுக் குரல் ஒன்று கேட்டது.

"உண்டு. இடப்பக்கம் பெஞ்சு கெடக்கு. பைய இருங்க," என்றேன். வெளிச்சத்தில் நான் பெண்களிடம் இவ்வளவு பேசமாட்டேன். இருட்டில் என் நாக்கு வேறொருவருடையது போல இருக்கும். "வலி உண்டா?"

"வலியெல்லாம் இல்ல தம்பி. மானம்தான் போச்சு. எனக்கு லேஸ் பின்னுத வேலை. ஊசிய உதட்டுல கடிச்சிட்டு இருப்பேன். சிரிச்சேன், உள்ள போயிட்டு."

"வாயில ஊசியோட சிரிக்கலாமா?"

"சிரிக்க வச்சவ இந்தா இருக்கா, எனக்க அக்கா மவ. இவளப் பாக்க ஒரு மாப்பிள்ள வரணும். ரெண்டு மட்டம் வரல்ல. இன்னைக்கு நாலு மணிக்கு மூணாவது மட்டம். 'வருவாரா?'ன்னு கேட்டேன். 'வருவாரு சித்தி, எனக்க பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கதுக்குள்ள வந்திருவாரு'ன்னு சொல்லுதா. சிரிக்காம என்ன செய்ய?"

எனக்கு வியர்த்துவிட்டது. "எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"வடசேரி."

பேசாமல் இருந்துவிடலாம். முகம் தெரியப் போவதில்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அணை ஆபீஸ் கிளார்க்கு ஜெயித்துவிடுவான். எஞ்சின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. எனக்கும் தைரியம் வந்தது.

"அந்த ரெண்டு மட்டமும் இந்த எஞ்சினாலதான் வர முடியல்ல," என்றேன். "மூணாவது மட்டத்துக்குக் குளிச்சு வேட்டி மாத்தி நின்னேன். நீங்க ஊசிய முழுங்கிட்டு வந்திட்டிய."

யாரோ வாயைப் பொத்திக்கொள்வது கேட்டது. பிறகு பெஞ்சு குலுங்கியது.

"சித்தி, சிரிக்காதிய! உள்ள ஊசி இருக்கு!" என்று இளைய குரல் பதறியது. அதுதான் அவளுடைய குரலை நான் முதன்முதலாகக் கேட்டது. பதற்றத்தின் அடியில் அந்தக் குரலிலும் சிரிப்பு இருந்தது.

சித்தி ஒருவாறு அடங்கிய பிறகு, அந்தப் பெண் என்னிடம் நேராகக் கேட்டாள்: "எப்பமும் இப்படித்தானா?"

"இப்படித்தான். அடுத்த வாரம் எப்பம் வேலைன்னு எனக்கே தெரியாது. மாறும்னு சொன்னா அது பொய்."

"கிளார்க்கு அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்திருவாராம்."

"தெரியும். எங்க அக்கா தெனமும் சொல்லுதா."

அவளுடைய வளையல்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருட்டை நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள்: "அப்பா சாமக்கோழி கூவதுக்கு முந்தி சந்தைக்குப் போவாரு. எங்க வீட்ல ஆளு எப்பம் வருதோ அப்பம்தான் சோறு. அஞ்சு மணிக்கு வந்து உக்காருத ஆளுகிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியாது."

பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் வந்துவிட்டார்.

சித்தியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினோம். பச்சை நிறத்தில் விலா எலும்புகள் தெரிந்தன. சித்தி ஆடாமலிருக்க அந்தப் பெண் தோளைப் பிடித்திருந்தாள் போலிருக்கிறது, திரையின் ஓரத்தில் ஐந்து விரல் எலும்புகளும் மணிக்கட்டில் இரண்டு வளையல்களும் தெரிந்தன. பெண் பார்க்கப் புறப்பட்டவன் முதலில் பார்த்தது அதைத்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அழகாகவே இருந்தது. "கையை எடுக்கச் சொல்," என்றார் டாக்டர். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அவரே சொன்னார்.

ஊசி இரைப்பைக்கு இறங்கிவிட்டிருந்தது. தானாகப் போய்விடும், குழைந்த சோறும் பழமும் நிறையக் கொடுங்கள், திங்கட்கிழமை மறுபடியும் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற பெண்ணின் அப்பாவுக்கு உயிர் வந்தது. "பழம்தானே? கடையில உள்ள மட்டிப்பழம் பூரா இவளுக்குத்தான்," என்றார். சித்தி என்னைச் சுட்டிக்காட்டி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வெயிலில் கண் கூசிக் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பெண் எதிரே நின்றாள். ஒரு மங்கலான சேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அழுதாரோ?" என்றார் அப்பா.

"இல்ல, கண்ணு கூசுது," என்று அவள்தான் எனக்காகச் சொன்னாள்.

நால்வரும் ஒரே பஸ்ஸில் புறப்பட்டோம். வடசேரியில் இறங்கியபோது நாலே முக்கால் மணி. பூட்டிய வீட்டு வாசலில் அக்கா, கையில் பலகாரப் பாத்திரத்தோடு, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தாள். நான் வராவிட்டாலும் குடும்பத்து மானத்தைக் காக்க நேரத்துக்கு வந்து நின்றிருக்கிறாள்.

"நாங்க வரல்லேன்னு சொல்லிச் சொல்லி, இன்னைக்கு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டியளா?" என்று பெண்ணின் அப்பாவிடம் ஆரம்பித்தவள், அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டாள். "ஏலே! பெண்ணு பாக்க வரவேண்டியவன் பெண்ணோடயே பஸ்ஸுல வந்து எறங்குதியே! வெக்கம் உண்டுமாலே?"

தெருவே திரும்பிப் பார்த்தது. சித்திக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், "சிரிக்காதிய!" என்று கத்தினோம்.

வீட்டைத் திறந்தார்கள், காப்பி வந்தது. முகத்தை நிமிர்த்தும் துணிச்சல் எனக்கு வரவில்லை. "இருட்டுல என்ன பேச்சு பேசினாரு! இப்பம் பாரு," என்றாள் சித்தி. பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "மக்கா, அணைக்கட்டுக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். நீ என்ன சொல்லுத?" என்று மகளைக் கேட்டார்.

நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்க டாக்டர்ட்ட கேட்டு, எஞ்சின் ஓடாத நாளாப் பாத்துக் குறியுங்க," என்றாள் அவள்.

அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

வேதக்கோவிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசித்தார்கள். இரண்டு ஞாயிறு எனக்கு விடியற்காலை வேலை, அங்கே இல்லை. அவள்தான் வரி விடாமல் கேட்டுவந்து எனக்குச் சொன்னாள்.