சந்தனராஜ் கேட்காமல் விட்ட விக்கெட்

ஆவூர் சந்தனராஜ் மாநில அணிக்காக ஆடியது இரண்டே ஆட்டம். முப்பத்தொரு ஓவர் வீசினார், ஒரு விக்கெட்கூட இல்லை. இணையத்தில் அவர் பெயரைத் தட்டினால் இவ்வளவுதான் வரும். மாதம் ஒருமுறையாவது அவரே தட்டிப் பார்ப்பார் என்று அவர் மனைவி வேளாங்கண்ணி சொன்னார். "அதுல என்னங்க மாறிடப் போகுது?" என்று கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம்.

ஒரே ஒரு பந்தில் மாறியிருக்க வேண்டியது அது. முதல் ஆட்டம், இரண்டாம் நாள் காலை. எதிரணியின் மூத்த ஆட்டக்காரர் மட்டையில் பந்து உரசி, கீப்பர் கைக்குப் போனது. சந்தனராஜுக்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் பந்துவீசும் அணியில் யாராவது 'அவுட்டா?' என்று கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்க முடியும். அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். கீப்பர்தான் கேப்டன். இருபத்தோரு வயது சந்தனராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். காதில் விழவில்லையோ என்னவோ, கேப்டன் பேசாமல் பந்தை எறிந்தார். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது வாயைத் திறக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை, தானும் சும்மா திரும்பி நடந்துவிட்டார். என்ன வளர்ப்போ! நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று சாயங்காலம் அந்த ஆட்டக்காரரே தோளில் தட்டி, பந்து பட்டது உண்மைதான், நீ ஏன் கேட்கவில்லை என்று சிரித்தாராம். அடுத்த ஆட்டத்தில் பாதியை மழை தின்றது. பிறகு முழங்கால் வீங்கியது. மறுபடி அழைப்பு வரவில்லை.

இப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. நான் கணக்கு எடுக்கும் அதே அரசுப் பள்ளியில் அவர் பி.டி. மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பார். பழைய கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில், "ஒரு வார்த்தைதான் சார், கேட்டிருக்கலாம்" என்பார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

போன மாதம் விராலிமலை மைதானத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். பந்து வீசியவர் செல்போன் கடை வாஜித், முப்பத்தைந்து வயது, பரம சாது. பந்து என் மட்டையை உரசிக் கீப்பரிடம் போனது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை, அசையாமல் நின்றேன். யாரும் கேட்கவில்லை. வாஜித் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்.

அம்பயர் சந்தனராஜ் என்னைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். நன்றாகக் கட்டியிருந்த கயிறு அது. நிதானமாகக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

தூரத்திலிருந்து வாஜித் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார்... ஏதோ சத்தம் கேட்டுச்சே, அவுட்டுங்களா?"

அவர் வாய் மூடுவதற்குள் விரல் மேலே போய்விட்டது.

"இது அநியாயம் சார்! வேணும்னே நேரம் குடுத்தீங்க!" என்று கத்தினேன்.

"கேட்டுட்டாருல்ல சார்," என்றார் சந்தனராஜ். இந்த முறை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "கேட்டுட்டாரு."

அதற்குமேல் எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை. எல்லைக்கோடு வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் விரலை இன்னும் இறக்கவில்லை.