அரிவாள்மணை செய்யாத குற்றம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் எனக்கு இது ஒன்பதாவது வருஷம். வேலை ரொம்ப எளிது. தோலை விரித்து, அதன்மேல் டையை வைக்க வேண்டும். டை என்றால் ஷூவின் பாகங்களைப் போல வளைத்த எஃகு அச்சு. மெஷினின் தலையை அதற்கு மேலே இழுத்து, இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் டப்பென்று இறங்கித் தோலை வெட்டிவிடும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது விரல் அடியில் மாட்ட வழியே இல்லை. அதற்காகத்தான் இரண்டு பட்டன்.

ஆனால் இரண்டு கையையும் பட்டனுக்கே கொடுத்துவிட்டால் டார்கெட் முடியாது. அதனால் எங்கள் வரிசையில் எல்லா மெஷினிலும் இடது பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, டீ முடிந்து வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், டை லேசாகக் கோணியிருக்கிறதே என்று இடது கையால் திருப்பினேன். வலது கை பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது.

வலி உடனே வரவில்லை. ஒரு நல்ல தோலை வீணடித்துவிட்டோமே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன்.

அலறியது நானில்லை, பக்கத்து மெஷின்காரி. அவள் என்னோடு ஒன்றரை வருஷமாகப் பேசாதவள். நான் குடியாத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவேன், அவள் பேர்ணாம்பட்டில். ஒருநாள் சாயங்காலம் அவள் கைக்குட்டை போட்டுவைத்த ஜன்னல் சீட்டில் நான் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்துதான் உட்கார்ந்தேன் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவள், தன் துப்பட்டாவை உருவி என் கையில் இறுக்கிக் கட்டினாள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சூப்பர்வைசர் என்னை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கெட்டவர் இல்லை. வழியெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது.

"இன்னாம்மா இப்டி ஆய்ப்போச்சு. அடுத்த வாரம் ஷூ வாங்குற பையர் ஆடிட்டுக்கு வர்றான். கம்பெனி கேட்டுல விபத்து இல்லாத நாள்னு போர்டு வச்சிருக்கோம். டாக்டர் கேட்டா வீட்ல அருவாமணைல பட்டுச்சுன்னு சொல்லிடும்மா. செலவு மொத்தம் கம்பெனி பாத்துக்கும்."

"அருவாமணைல பட்டா அறுபடும் சார். இது நசுங்கிக் கெடக்குது."

"அதெல்லாம் யாரும்மா பாக்கப் போறாங்க?"

டாக்டர்தான் பார்த்தார். கட்டை அவிழ்த்து எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "வீட்ல காய் நறுக்கறப்போ சார்" என்றார்.

"என்ன காய்?"

சூப்பர்வைசர் இதை எதிர்பார்க்கவில்லை. "முருங்கைக்காய் சார்."

பகல் பதினோரு மணிக்கு, கம்பெனி ஏப்ரனோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க நான் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனை வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தோல் வெட்டுற பிரஸ்ல சார். கம்பெனில வேல செய்றப்போ," என்றேன். அவர் அதையே எழுதினார். நகத்தோடு விரல் நுனியை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. நான் இடது கைக்காரி. எழுதுவது, தலை பின்னுவது எல்லாம் அந்தக் கைதான். என் கணவர் லுங்கித் தறி ஓட்டுகிறவர், நூலைப் பிடிக்கத் தெரிந்த மனுஷன். மறுநாள் அவர் எனக்குப் பின்னிவிட்ட சடை காதுக்கு மேலே கோணிக்கொண்டு நின்றது.

ஆடிட் முடிந்தது. அதற்கப்புறமும் கம்பெனி ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்பவில்லை. கேட்டால் நாளை, நாளை மறுநாள். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது?

கணவர் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். தறியில் நூலை இழுத்தோடும் நாடாக்கட்டை தெறித்துப் பட்ட தழும்பு. "எனக்கு இது ஆனப்போ இன்னா கெடச்சுது? மஞ்சப்பத்து. வீட்டுத் தறிக்கு யாரு குடுப்பா? உனக்கு சம்பளத்துல மாசாமாசம் ஈ.எஸ்.ஐ.க்குப் புடிக்கிறான் இல்ல? அது இதுக்குத்தான். சொல்லு, நான் எழுதறேன்."

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடந்ததை மட்டும் எழுதினோம். ஒரு பக்கம்கூட வரவில்லை. கொண்டுபோய் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கொடுத்தோம்.

சில வாரம் கழித்து அங்கிருந்து ஓர் அதிகாரி கம்பெனிக்கே விசாரிக்க வந்தார். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். பட்டனில் டேப் எதுவும் இல்லை, அஜாக்கிரதையாகக் கையை விட்டது நான்தான் என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள்.

"யாராவது நேர்ல பாத்தீங்களா?" என்று அதிகாரி வரிசையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் தோலைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் தோலைத்தான் பார்த்திருப்பேன்.

"நான் பாத்தேன் சார்."

பக்கத்து மெஷின்காரி.

"இவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"வேண்டியவங்களா? ஒண்ணர வருசமா இந்தம்மா மூஞ்சிலயே முழிக்கறதில்ல சார் நானு. யார வேணா கேளுங்க."

வரிசையே சிரித்துவிட்டது. அதிகாரி சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். அவள் நேரே என் மெஷினுக்குப் போய் இடது பட்டனைக் காட்டினாள். டேப்பைப் பிய்த்திருந்தார்கள், ஆனால் பசை அப்படியே இருந்தது. அதில் தோல் தூசு படிந்து சதுரமாகக் கறுத்திருந்தது. அவள் மெஷினிலும் அதே சதுரம். அதற்கடுத்ததிலும் அதே.

சூப்பர்வைசர் மெல்ல, "இருந்தாலும் அவங்க கவனமா இருந்திருக்கணும் சார்," என்றார்.

"கவனமா இருந்தாங்களான்னு நான் கேக்கலீங்க. வேலை நேரத்துல, உங்க வேலைய செய்றப்போ பட்டுதா இல்லையா?"

"பட்டுது சார்."

அவ்வளவுதான், முடிந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் நானே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நன்றி சொன்னேன். "உனக்காக ஒண்ணும் சொல்லல," என்றாள் வெளியே பார்த்தபடி. "நாளைக்கு என் கை போனா நீ வந்து சொல்லணும்ல?" பிறகு என் கையைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பேர்ணாம்பட்டு வரைக்கும் வாய் ஓயவில்லை. ஒன்றரை வருஷத்துப் பேச்சு பாக்கியிருந்ததே.

கை ஆறும்வரை லீவில் இருந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து சம்பளத்தில் பெரும்பங்கு வந்தது. காயம் ஆறிய பிறகு மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். குண்டூசியை எடுக்கச் சொன்னார்கள், பட்டன் போடச் சொன்னார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் இடது கையில் பேனாவைப் பிடித்ததும் மூன்று பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். விரல் நுனி போனதற்கு இத்தனை சதவீதம் என்று எழுதினார்கள். மாதாமாதம் சின்னத் தொகைதான், ஆனால் ஆயுசுக்கும் வரும். வருஷத்துக்கு ஒருமுறை நான் உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். "நூறு வருஷம் சான்று குடு," என்றார் கணவர்.

வேலைக்குத் திரும்பினேன். டார்கெட்டைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். எந்தப் பட்டனிலும் டேப் இல்லை.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் எங்கள் இருவரிடமும் வந்து நின்றார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரியில் வேலை செய்யும் அவருடைய மச்சான், ஈரத்தில் வழுக்கி விழுந்து தோள்பட்டை உடைந்து படுத்திருக்கிறாராம். அங்கே ஈ.எஸ்.ஐ. கிடையாதாம், முதலாளி கையை விரித்துவிட்டாராம்.

"ரொம்ப பேஜாரா கீதும்மா. நீங்க எப்டி எழுதினீங்க?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்து மெஷின்காரி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "உக்காருங்க சார். ஈ.எஸ்.ஐ. இல்லன்னா தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம். மொதல்ல கூட வேல செஞ்சவங்க யாரு பாத்தாங்கன்னு கேளுங்க."

அவர் உட்கார்ந்தார். சட்டைப்பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. கட்டிங் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். இப்போது மச்சான் பேரில் மனு கொடுத்தாயிற்று. விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்கு மச்சானோடு போகச் சூப்பர்வைசர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.